சுவரிலிருந்து நாற்பது அடி

தனசிங்கைப் போல அளவு பார்க்கிற ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை. தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் இயற்பியல் லேப் அசிஸ்டெண்டாக இருந்தவர். தைத்த சட்டையை வாங்கப் போனால் கடையிலேயே இரும்பு ஸ்கேலை எடுத்து இரண்டு கைகளையும் அளந்து பார்ப்பார். தக்காளி விற்கிற அம்மாள் இவர் தலையைக் கண்டதுமே தராசைத் தட்டிக் காட்டிவிடுவாள். ஒரு தடவை எனக்குப் பொறுக்கவில்லை. பரலோகத்துக்குப் போனாலும் வாசல் எத்தனை அடி என்றுதான் முதலில் கேட்பீர் என்றேன். அந்த அளவெல்லாம் வேதத்திலேயே போட்டிருக்கிறது அண்ணா, கேட்க வேண்டியதில்லை என்று சிரிக்காமல் பதில் சொன்னார்.

அப்படிப்பட்ட மனிதர் அளவில் ஏமாந்தார். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம், வரட்டும். எனக்கு வராது. ஏனென்றால் அன்றைக்கு டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

நான் ஜோனத்தான், தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தனசிங்கும் நானும் ஒரே சபை, பாடகர் குழுவில் ஒரே பெஞ்சு. என்னைவிட நாலு வயது இளையவர் என்பதால் அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அவர் மனைவி சுஜிக்கு முடக்குவாதம். நாற்பது வயதிலேயே முழங்கால்களில் ஆரம்பித்து விரல்கள் வரை வந்துவிட்டது. சேலையூரில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தார்கள், லிஃப்ட் கிடையாது. முப்பத்து நான்கு படிகள். எண்ணிச் சொன்னது யார் என்று சொல்லத் தேவையில்லை. பதினேழாவது படி திரும்புகிற இடத்தில் ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு இறங்கும்போது சுஜி அதில் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். வாரத்தின் மற்ற ஆறு நாட்களும் அவளுக்கு உலகம் என்றால் பால்கனிக் கம்பிக்கு அந்தப் பக்கம் தெரிவதுதான்.

ஆகவே ஓய்வு பெற்றதும் தனசிங்குக்கு ஒரே ஒரு ஆசை. தரைத்தளத்தில், படி இல்லாமல், படுக்கையறையோடு சேர்ந்த குளியலறையோடு ஒரு வீடு. பெரிதாக இருக்க வேண்டாம், அழகாகக்கூட இருக்க வேண்டாம். சுஜி யார் தோளையும் பிடிக்காமல் தெருவுக்கு வர வேண்டும், அவ்வளவுதான். எட்டு மாதம் தேடினார். கடைசியில் முடிச்சூரில் ஒன்று அமைந்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் தனிவீடு என்றாலே ஜனங்கள் யோசிப்பார்கள், அதனால்தான் அவர் கைக்கு எட்டியது. நாற்பதடி அகலம், ஐம்பதடி நீளம். கேட்டிலிருந்து ஹால் வரை சரிவுப் பாதை. கிழக்கு ஓரத்தில் படுக்கையறை, அதை ஒட்டிக் குளியலறை. கிழக்கு மதிலுக்கு அப்பால் புதர் மண்டிய ஒரு சின்ன வாய்க்கால்.

வீடு பார்க்கப் போன அன்று சுஜி கேட்டில் எங்களை நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாக நடந்தாள். மெதுவாக ஹாலைத் தாண்டி, படுக்கையறையைத் தாண்டி, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது.

"இது போதுங்க," என்றாள்.

தனசிங் அந்த நிமிஷமே அந்த வீட்டுக்கு அடிமை ஆகிவிட்டார்.

வக்கீல் பத்திரங்களைப் படித்தார். வில்லங்கம் எதுவும் இல்லை. காகிதம் சுத்தம், மண்ணை மட்டும் ஒரு நல்ல சர்வேயரை வைத்து அளந்துகொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். ஓய்வுப் பணத்தில் வாங்குகிற வீடு. கடன் என்றால் வங்கியே ஓர் ஆளை அனுப்பியிருக்கும். இங்கே ஆளைத் தேட வேண்டியது எங்கள் பாடு.

தனசிங் சர்வேயர் தேடிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவன்கூட அவ்வளவு விசாரிக்க மாட்டான். ஒரு நோட்டில் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டார். போனிலேயே சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசிய ஒருவரின் பெயரை அதில் அடித்துவிட்டார். கடைசியில் யாரோ சொல்லி, பெருங்களத்தூரில் அச்சுதன் என்பவரைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சர்வே துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் அச்சுதன். எங்களை உட்காரச் சொல்லவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றபடியே கேட்டார்.

"கல்லு கீதா?"

எந்தக் கல் என்றார் தனசிங்.

"சர்வே கல்லு சார். சொவரு எவன் வேணா கட்டுவான், எங்க வேணா கட்டுவான். சர்க்கார் நட்ட கல்லுலருந்து அளந்தாத்தான் அது அளவு."

பிறகுதான் விளக்கமாகச் சொன்னார். தாலுகாவிலிருந்து புலப்படத்தின் நகல் வாங்க வேண்டும். அந்த வரைபடத்தில் கல் எங்கே என்று இருக்கும். போய்த் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் மனுப் போட்டு அவர்களையே வந்து காட்டச் சொல்ல வேண்டும். எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று மாதம் ஆகும். அவசரம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு அந்த மனிதரின் தோரணை பிடிக்கவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த தனசிங்கோ குழந்தை மாதிரி சந்தோஷமாக இருந்தார். "இவர்தாண்ணா நம்ம ஆளு. ஜீரோ எங்கன்னு கேட்டுட்டுத்தான் அளப்பேங்கிறார் பாருங்க," என்றார்.

ஆனால் எங்கள் சபையில் வீடு அளப்பது டெனிஸ். இது எங்கும் எழுதி வைத்த சட்டம் இல்லை. சபைக் கமிட்டியில் இருக்கிறவர், சிவில் டிப்ளமா படித்தவர், சர்வேயர் உரிமமும் உண்டு. யார் மனை வாங்கினாலும் சனிக்கிழமை டேப்போடு வந்துவிடுவார். காசு வாங்க மாட்டார். அளந்து முடித்ததும் நிலத்தின் நடுவில் நின்று உருக்கமாக ஒரு ஜெபம் பண்ணுவார். இருபது வருஷமாக அப்படித்தான். எங்கள் ஆட்களுக்கு அந்த ஜெபமும் அளவின் ஒரு பகுதி. டெனிஸ் இருக்கும்போது வெளியாளைக் கூப்பிடுவது, சொந்தத் தாய்மாமன் இருக்க அடுத்தவன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் காது குத்துகிற மாதிரி.

இன்னொன்றும் இருந்தது. டெனிஸின் மனைவி கிருபா. ஐந்து வருஷமாக ஞாயிறுதோறும் சேலையூர் மாடியேறி வந்து சுஜியைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டி வருகிறவள் அவள்தான். சுஜிக்குக் கை வீங்கிய நாட்களில் தலைவாரி விட்டவள், சோறு பிசைந்து கொடுத்தவள். அந்த வீட்டு ஆளை விட்டுவிட்டு வேறொருவரை வைத்து அளந்தால் கிருபாவின் முகத்தில் எப்படி விழிப்பது? தனசிங் இதைச் சொல்லிச் சொல்லித் தவித்தார். இதற்கிடையில் முடிச்சூர் வீட்டை விற்கிறவர், கேளம்பாக்கத்தில் மகனோடு இருந்தவர், போன் மேல் போன் போட்டார். சிறுசேரியில் வேலை பார்க்கிற ஒரு ஜோடி அதே வீட்டைக் கேட்கிறார்கள், இரண்டு வாரம்தான் பொறுப்பேன் என்றார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். என் வாயில் சனி. "எதுக்கு வீணா மனஸ்தாபம்? டெனிஸும் சர்வேயர்தானே. அச்சுதன்னா மூணு மாசம், டெனிஸ்னா வர்ற சனிக்கிழமை," என்றேன்.

தனசிங் ரொம்ப நேரம் தன் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி அண்ணா, டெனிஸிடமே கல்லிலிருந்து அளக்கச் சொல்லிக் கேட்கிறேன் என்றார்.

சனிக்கிழமை காலை எல்லோரும் முடிச்சூர் போனோம். சுஜிக்காக அந்தப் பச்சை நாற்காலியையும் ஆட்டோவில் ஏற்றி வந்திருந்தார்கள். கிருபா பிளாஸ்கில் காபி கொண்டுவந்திருந்தாள். தனசிங் மெல்லக் கல் பேச்சை எடுத்தார். பார்க்கலாம் அண்ணா என்றார் டெனிஸ். மதில் ஓரத்தில் செருப்புக் காலால் புல்லை இரண்டு இடத்தில் ஒதுக்கிப் பார்த்தார். இந்தப் பக்கம் கல்லெல்லாம் ரோடு போடும்போதே போய்விட்டது என்று சொல்லிக்கொண்டே டேப்பின் கொக்கியை மேற்கு மதிலில் மாட்டினார். என்னிடம் மறுமுனையைக் கொடுத்தார். நான் இழுத்துக்கொண்டு போய்க் கிழக்கு மதிலில் வைத்தேன்.

"நாப்பது," என்று கத்தினேன். "ஒரு இஞ்சு கூட இருக்கு."

பத்திரத்திலும் நாற்பதுதான். டெனிஸ் முகம் மலர்ந்தது. நீளத்தையும் அளந்தோம், சரியாக இருந்தது. தனசிங் மட்டும் மேற்கு மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டெனிஸ் பக்கம் வந்தார். "டெனிஸ், நாம சுவர்லருந்துதானே…" என்று ஆரம்பித்தார்.

டெனிஸ் அதற்குள் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். "ஜெபிப்போம்," என்றார்.

கண்ணை மூடினோம். டெனிஸ் நன்றாக ஜெபிப்பார், அதில் குறை சொல்ல முடியாது. சுஜியின் பலவீனமான கால்களைச் சொல்லி, இந்தத் தரையில் அவள் தாங்கலில்லாமல் நடக்க வேண்டும் என்று கேட்டபோது அவர் குரலே உடைந்தது. கிருபா அழுதாள், எனக்கும் கண் கலங்கியது. முடிவில் எல்லோரும் ஆமென் சொன்னோம். தனசிங்கின் ஆமென் சற்றுத் தாமதமாக வந்தது. பாடகர் குழுவில் முப்பது வருஷம் பக்கத்தில் நின்றவன் நான், அரை மாத்திரை பிந்தினாலும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. வீட்டையும் மனைவியையும் கடவுளிடம் ஒப்புக்கொடுத்து முடித்த கையோடு, எதற்கும் இன்னொரு தடவை அளந்து பார்க்கலாம் என்று யார்தான் சொல்வது? எங்கள் சபையில் சொல்ல முடியாது.

என்னவோ கேட்க வந்தீர்களே என்று ஆட்டோவில் சுஜி விசாரித்தாள்.

"ஆமென் சொல்லியாச்சு சுஜி," என்றார் அவர்.

மரியாதைக்கு அச்சுதனுக்கு ஒரு போன் போட்டார், வேறு ஏற்பாடு ஆகிவிட்டது என்று. கல்லு பாத்தாங்களா என்று அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். பொய் சொல்லத் தெரியாத தனசிங், பார்த்தார்கள் என்றாராம். டெனிஸ் புல்லை ஒதுக்கிப் பார்த்தது நிஜம்தானே.

அடுத்த இரண்டு வருஷத்தைப் பற்றி நான் என்ன சொல்ல? அவர்கள் நன்றாக இருந்தார்கள். காலை ஒன்பது மணிக்கு மீன்காரம்மா தெருமுனையில் குரல் கொடுப்பாள். இரண்டாவது குரலுக்குள் சுஜி கையில் சட்டியோடு கேட்டுக்கு வந்துவிடுவாள். ஒரு சங்கராவுக்குப் பத்து நிமிஷம் பேரம் பேசுவாள். மீன் வேண்டாத நாளில்கூடப் போய் நின்று பேசுவாள். எதிர்வீட்டு வாசலுக்குப் போய்க் கோலத்தைக் குறை சொல்லிவிட்டு வருவாள். ஒருநாள் நான் போனபோது ஒருவர் துணையும் இல்லாமல் தெருமுனைக் கடை வரை நடந்து போய்த் தீப்பெட்டி வாங்கி வந்தாள். வீட்டில் நாலு தீப்பெட்டி இருந்தது. எனக்கு அன்று அவ்வளவு பெருமை. நான் சொல்லித்தானே சீக்கிரம் முடிந்தது என்று நாலு பேரிடம் பீற்றிக்கொண்டேன்.

பிறகு ஒரு பெருமழை. வாய்க்கால் தண்ணீர் போக வழியில்லாமல் நாலு தெருவும் மிதந்தது. மேல்தெரு ஜனங்கள் மனுக் கொடுத்தார்கள். தை மாதத்தில் வருவாய்த் துறை ஆட்கள் புலப்படத்தோடு வந்து வாய்க்காலை அளந்தார்கள். அவர்கள் முதலில் கேட்டதும் கல்தான். கல் இருந்தது. மூன்று வீடு தள்ளி, தெருமுனைக் கரண்டுக் கம்பத்தின் காலடியில், அரையடி வெளியே தலையை நீட்டிக்கொண்டு இருந்தது. கடைக்குப் போய் வரும்போது தனசிங் பையை இறக்கி வைத்துக் கைமாற்றுவதே அதன் மேல்தான்.

அதிலிருந்து அளந்தார்கள். தனசிங்கின் வீடு நாற்பதடிதான், ஆனால் அந்த நாற்பதடியும் ஒன்பதடி கிழக்கே தள்ளி நின்றது. மேற்கு வீட்டுக்காரர் எப்போதோ இவர் மனையில் ஒன்பதடி எடுத்துச் சுவர் வைத்துவிட்டார். வீட்டை விற்றவர் அந்த ஒன்பதடியைக் கிழக்கே வாய்க்காலில் எடுத்துச் சமன் செய்துகொண்டார். சுவருக்குச் சுவர் யார் அளந்தாலும் கணக்குச் சரியாகத்தான் வரும். வாய்க்கால் சர்க்கார் புறம்போக்கு. படுக்கையறைச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார்கள். சுஜியின் கட்டில் கோட்டுக்கு அந்தப் பக்கம். குளியலறை முழுவதுமே அந்தப் பக்கம்.

அன்று சாயங்காலம் தனசிங் தன் டேப்பை எடுத்துக்கொண்டு போய்க் கல்லிலிருந்து தானே மூன்று தடவை அளந்தார். அவர்கள் ஒன்பதடி என்று எழுதியது தப்பு என்றார். எனக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. "ஒன்பதடி மூணு இஞ்சுண்ணா," என்றார்.

அதற்குப் பிறகு ஏறாத படி இல்லை. மேற்கு வீட்டில் கேட்டால், அந்தச் சுவர் எங்கள் மாமனார் காலத்தில் கட்டியது, அந்த இடத்தில் எங்கள் சமையலறை இருக்கிறது, கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வக்கீலோ, வழக்குப் போடலாம், ஆனால் தீர்ப்பு வரும்போது நீங்கள் இருப்பீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். தாலுகா அலுவலகத்தில் மரியாதையாகவே பேசினார்கள், தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். வாய்க்கால் வாய்க்கால்தான் சார் என்றார்கள். கேளம்பாக்கத்துக்காரருக்குப் போன் போட்டோம். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "நான் ஒண்ணும் மறைக்கலையே சார். நீங்கதானே சர்வேயர் கூட்டினு வந்து அளந்தீங்க?" என்றார்.

நான் ஒருநாள் தனியாக அச்சுதனைத் தேடிப் போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. திட்டு வாங்கினால் தேவலாம் என்றிருந்ததோ என்னவோ. அவர் திட்டவில்லை, முதல் தடவையாக உட்காரச் சொன்னார்.

"கல்லு அங்கியேதான் சார் கீது. அத்த யாரும் கேக்கல," என்றார்.

டெனிஸ் வந்தார். வாசலோடு நின்றுவிட்டார், உள்ளே வரக் கால் எழவில்லை. தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டு, இருபது வருஷமா இப்படித்தானேண்ணா அளக்கிறேன் என்று மட்டும் சொன்னார். பார்க்க எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. தனசிங் நாலு வார்த்தை கத்தியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவரால் முடியவில்லை. டெனிஸ் வாசலில் நிற்கிற அதே நேரத்தில் உள்ளே கிருபா சுஜிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் கோபப்படக்கூட இடம் இல்லாமல் போய்விட்டது. டெனிஸைத் திட்டினால் என்னையும் திட்ட வேண்டும், என்னைத் திட்டினால் தன்னையும் திட்டிக்கொள்ள வேண்டும். அவருடைய நோட்டில் முதல் கேள்வியே 'எங்கிருந்து அளப்பீர்கள்?' என்பதுதான். நானே பார்த்தேன்.

சித்திரையில் ஒருநாள் காலை இயந்திரம் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டார்கள். கட்டிலை முன்கூட்டியே ஹாலுக்கு மாற்றியிருந்தோம். சுஜி எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை, குளியலறை ஓடு நொறுங்கின சத்தத்துக்கு மட்டும் காதைப் பொத்திக்கொண்டாள். வெட்டுப்பட்ட பக்கத்தைச் செங்கல் வைத்து அடைத்து, ஹாலின் ஒரு மூலையைத் தடுத்துக் கழிப்பறையாக்கி எப்படியோ ஆறு மாதம் ஓட்டினார்கள். ஐப்பசியில் வாய்க்கால் தன் பழைய இடத்துக்கு வந்தது. சுவரை ஒட்டி ஓடிய தண்ணீர் ஹாலுக்குள் முழங்கால் அளவு நின்றது. சுஜியைக் கட்டிலோடு தூக்கி வெளியே கொண்டுவந்தோம். இனி அவளைக் கீழே வைத்திருக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அந்த வீட்டை யாரும் வாங்கப் போவதும் இல்லை.

மிச்சமிருந்த தளத்தின் மேல் குளியலறையோடு ஓர் அறை கட்டினார் தனசிங். பதினெட்டுப் படிகள். கொத்தனாரைப் பக்கத்தில் நின்று படாதபாடு படுத்தினார். ஒவ்வொரு படியும் சரியாக ஆறு அங்குலம், இரும்பு ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்கு விட்டார். ஒன்பதாவது படி திரும்புகிற இடத்தை மட்டும் அகலமாக விடச் சொன்னார். பச்சை நாற்காலி அங்கே வந்தது.

போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை காலை அந்த அறைக்குக் குடி போனார்கள். நாங்கள் நாலைந்து பேர்தான். கிருபா சுஜியின் கையைப் பிடித்து ஏற்றினாள். ஒன்பதாவது படியில் சுஜிக்கு முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் கீழே நின்றோம். டெனிஸ் எல்லோருக்கும் பின்னால் கேட்டை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். யாரும் ஜெபம் பண்ணச் சொல்லவில்லை, யாருக்கும் என்ன செய்வதென்றும் தெரியவில்லை. கடைசியில் சுஜிதான் மேலிருந்து கூப்பிட்டாள்.

"டெனிஸ் தம்பி, ஜெபம் பண்ணுங்க."

டெனிஸ் தொப்பியைக் கழற்றினார். அவருக்கு வார்த்தை சரியாக வரவில்லை, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பாதி ஜெபத்தில் தெருமுனையில் மீன்காரம்மாவின் குரல் கேட்டது. நான் கண்ணைத் திறந்து மேலே பார்த்தேன். சுஜியும் கண்ணைத் திறந்திருந்தாள். நாற்காலியின் கைப்பிடிகளைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள். பாதி எழுந்து, கீழே இருந்த ஒன்பது படிகளையும் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்துகொண்டாள். இரண்டாவது குரல் கேட்டுக்கு நேராக வந்தது. மீன்காரம்மா கூடையோடு ஒரு நிமிஷம் நின்று எட்டிப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். மூன்றாவது குரல் அடுத்த தெருவில் கேட்டது.

டெனிஸ் முடித்தார். நாங்கள் ஆமென் சொன்னோம். தனசிங் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணை மூடியபடியே நின்றுகொண்டிருந்தார்.